திரையில் நம் மலைகளும் நம் மக்களும்

1991ஆம் ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு நாளன்று வெளிவந்த 'கேப்டன் பிரபாகரன்' திரைப்படம், 34 ஆண்டுகள் கழிந்தபின் 2025 ஆகஸ்டு மாதத்தில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. ஆர்.கே. செல்வமணி இயக்கிய அப்படம் மறைந்த விஜயகாந்தின் நூறாவது படம். அதில் மன்சூர் அலிகான் ஏற்ற வீரபத்திரன் என்னும் கடத்தல்காரன் வேடம் யாரை மனத்திற் கொண்டு புனையப்பட்டது என்பதைத் தருமபுரி மாவட்டத்தில் ஒரு பள்ளிச் சிறுவனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். அன்று தொடங்கிய வரிசை இன்னும் முடிந்தபாடில்லை. 2007ஆம் ஆண்டையொட்டி மக்கள் தொலைக்காட்சியில் வ. கௌதமன் இயக்கிய 'சந்தனக்காடு' தொடர் வந்தது. 2013இல் ஏ.எம்.ஆர். ரமேஷின் 'வனயுத்தம்', 2016இல் ராம் கோபால் வர்மா கன்னடத்தில் எடுத்த படம், 2023 ஆகஸ்டில் நெட்பிளிக்ஸ் தளத்தில் செல்வமணி செல்வராஜ் இயக்கிய நான்கு பகுதி ஆவணத் தொடர், அதே ஆண்டு டிசம்பரில் ஜீ5 தளத்தில் 'கூச முனிசாமி வீரப்பன்' எனத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன.

கதையின் இறுதி நம் மண்ணில்தான் எழுதப்பட்டது. 2004 அக்டோபர் 18ஆம் நாள் இரவு பாப்பாரப்பட்டிக்கு அருகே ஒரு மருத்துவ ஊர்தியில் வந்த வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் அதிரடிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வூர்ப் பெயரைத் தமிழகம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது எனலாம். சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தைக் கழித்த ஊர் அது என்பதை எத்தனை பேர் அறிவர்? திரைத்துறைக்கும் தொலைக்காட்சிக்கும் இத்தனை கதைகளை வழங்கிய இம்மாவட்டம், அவற்றில் தன் முகத்தை எவ்வாறு காண்கிறது? இதுவே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா.

முன்னதாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். திரைப்படக் கலையை முறையாகப் பயின்றவன் அல்லன் நான். இளையோர் பார்த்துவிட்டு வந்து வாதிடுவதையும், வீடு சந்திக்கச் செல்லும்போது கூடத்தில் ஓடிக்கொண்டிருப்பதையும், 'சாமி, இதை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்' என்று அனுப்பி வைக்கப்படுவதையும் பார்க்கிற சாதாரணப் பார்வையாளன். திருச்சபைக்கும் திரைக்கும் உள்ள உறவு நெடியது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1936இல் எழுதிய சுற்றுமடலில் எச்சரிக்கைக் குரலே மேலோங்கி நின்றது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையோ, ஒழுக்கத் தீமையைக் கதையாகவும் காட்சியாகவும் சித்திரிப்பது மனிதனை ஆழமாக அறிந்துகொள்ள உதவக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டது. கூடவே, பார்ப்போருடைய மனத்திற்குக் கேடு விளையாதவாறு அது அமைய வேண்டும் என்ற வரம்பையும் வைத்தது. நம்முள் பலர் அந்த வரம்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம். படத்தில் முத்தக் காட்சி இருக்கிறதா, மதுக்குடி இருக்கிறதா என்று பார்த்ததோடு நம் விமர்சனம் முடிந்துவிட்டது. ஒரு மனிதன் மற்றொரு மனிதனைச் சித்திரவதை செய்வதை நாம் எங்ஙனம் பார்க்கிறோம் என்பதை நாம் கேட்டதே இல்லை.

இனி வீரப்பன் தொடர்களுக்கு வருவோம். இரண்டும் உழைத்து எடுக்கப்பட்டவை. நெட்பிளிக்ஸ் தொடர் வேட்டையாடியவர்கள் பக்கம் ஒரு காலும் வேட்டையாடப்பட்டவன் பக்கம் ஒரு காலும் வைத்து நிற்கிறது. வனத்துறை அதிகாரி சீனிவாஸ் 1991இல் கொல்லப்பட்டது, 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுக்கு அருகே கண்ணிவெடியில் 22 பேர் மாண்டது, கன்னட நடிகர் ராஜ்குமார் 2000ஆம் ஆண்டில் 108 நாள் பிணையாக இருந்தது ஆகியவற்றையெல்லாம் அடுத்து என்ன என்று ஏங்கும் வண்ணம் அடுக்கிச் செல்கிறது. ஜீ5 தொடரின் வலிமை வேறு. நக்கீரன் குழுவினர் காட்டுக்குள் சென்று பதிவு செய்த பேட்டிகளே அதன் முதுகெலும்பு. வீரப்பன் பேசுகிறார்; சிரிக்கிறார்; நடித்துக் காட்டுகிறார்; அரசியல் தலைவர்களை எடைபோடுகிறார். தேர்ந்த கதைசொல்லி அவர் என்பதில் ஐயமில்லை. ஒரு கொலையைப் பற்றி அவர் கூறும்போது நம்மையும் அறியாமல் முறுவலித்து விடுகிறோம். அந்த முறுவலே என்னைத் தொல்லைப்படுத்தியது. கொல்லப்பட்டவருக்கும் ஓர் இல்லம் இருந்தது. அவருடைய பிள்ளைகளும் இத்தொடரைப் பார்க்கக்கூடும்.

இளைஞர்கள் சிலர் அவரை மாவீரர் என்கின்றனர்; பதாகையிலும் அச்சிடுகின்றனர். மற்றும் சிலர் அதிரடிப்படையினரை மாவீரர் என்கின்றனர். இவ்விரு கூட்டத்தாரும் ஒரே தொடரைப் பார்த்துவிட்டுத்தான் இவ்வாறு பேசுகின்றனர். ஆட்டத்தில் இரண்டே கட்சிகள் உள்ளன என்று திரை அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது. மூன்றாவதாக இருந்தவர்கள் மலையோர மக்கள். காட்டுக்குள் அரிசி கொடுத்தாய் என்று ஒரு புறமும், காவலருக்குத் துப்புக் கொடுத்தாய் என்று மறு புறமும் அவர்கள் நொறுக்கப்பட்டனர். மாதேசுவரன் மலையில் அதிரடிப்படை நடத்திய சித்திரவதைக் கூடத்திற்கு மக்களிடையே வழங்கிய பெயர் 'ஒர்க்‌ஷாப்'. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் விசாரணையைத் தொடர்ந்து 2007இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 இலட்சம் ரூபாய் இழப்பீடு அறிவிக்கப்பட்டது. இந்த 89 பேருள் ஒருவரை மையமாக வைத்து ஒரு முழுப்படம் வந்திருக்கிறதா? இரு தொடர்களிலும் ஊர்மக்கள் பேசும் இடங்கள் உள்ளன. யாரும் எதையும் நடித்துக் காட்டாமல், பட்டவரே தம் வாயால் சொல்லும் அந்தச் சில நிமிடங்களே இரண்டிலும் தலைசிறந்தவை என்பது என் எண்ணம். அவை முடிந்தவுடன் பின்னணி இசை எழும்பி நம்மைத் துரத்தலுக்கு இழுத்துச் சென்றுவிடுகிறது.

இவ்விடத்தில் 'சந்தனக்காடு' தொடரைப் பற்றி ஒரு சொல். ஒப்பனையும் சண்டைக் காட்சிகளும் இன்று பார்த்தால் சிரிப்பூட்டும். வீரப்பனாக நடித்த கராத்தே ராஜாவின் மீசை சில வேளைகளில் அவருக்கு முன்னதாகவே திரையில் நுழைந்ததும் உண்டு. ஆயினும் மலையோரச் சிற்றூர்களின் பேச்சும், அவற்றின் வறுமையும், படையினர் புகுந்தபின் அங்குப் படர்ந்த அச்சமும் அதில் இருந்தன. மின்வெட்டுக் காலம் அது. மின்சாரம் போய்விட்டால் அடுத்த ஊரிலுள்ள உறவினரிடம் தொலைபேசியில் கதை கேட்டறிந்த குடும்பங்களை நான் அறிவேன். பார்வையாளர் தம்மையே அதில் பார்த்தனர். பெரும் பொருட்செலவில், உலகத்திற்கென எடுக்கப்பட்ட பிந்தைய தொடரில் அந்த அணுக்கம் இல்லை.

வீரப்பன் வாழ்ந்த காலத்திலேயே, சந்தனக் கட்டையின் பெயரால், நம் மாவட்டத்தில் நடந்த மற்றொரு கொடுமைக்கு வருகிறேன். 1992 சூன் 20 அன்று அரூருக்கு அருகே, சித்தேரி மலை அடிவாரத்தில் உள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடியினர் சிற்றூருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தோர் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. ஆலமரத்தடியில் மக்கள் கூட்டி வைக்கப்பட்டு அடிக்கப்பட்டனர். 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். அவர்களுள் பள்ளிப் பருவத்துச் சிறுமியும் உண்டு. அரசுத் தரப்பு தொடக்கத்தில் அனைத்தையும் மறுத்தது. மார்க்சிஸ்ட் கட்சியினரும் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் விடாது போராடினர். 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை நடுவண் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது அவர்களுள் 54 பேர் இறந்து போயிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். மேல்முறையீடுகளை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சு மாதத்தில் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார்.

நீதிபதி வாச்சாத்திக்குச் சென்ற அதே மாதத்தின் கடைசி நாளில், குருத்து ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்னதாக, வெற்றிமாறனின் 'விடுதலை' முதற்பாகம் வெளிவந்தது. செயமோகனின் 'துணைவன்' சிறுகதையை வேராகக் கொண்டது அது. கதை நிகழும் ஆண்டாக 1987ஐயும் இடமாக ஒரு கற்பனை ஊரையும் படம் கூறினும், அதைப் பார்த்த அரூர்ப் பக்கத்து மக்கள் வாச்சாத்தியையே அதில் கண்டனர்.

படத்தின் சிறப்புகளை மறைக்க நான் விரும்பவில்லை. காவல்துறையில் ஓட்டுநராகப் புதிதாகச் சேர்ந்த குமரேசன், கரடி தாக்கிய ஒரு மலைவாழ் பெண்ணைத் துறை ஊர்தியில் ஏற்றி உயிர் காக்கிறான். விதியை மீறினாய், மன்னிப்புக் கேள் என்கிறார் மேலதிகாரி. தவறே செய்யாதபோது எதற்கு மன்னிப்பு என்பது அவன் நிலைப்பாடு. அதற்காக நாள்தோறும் தண்டனை பெறுகிறான். நல்ல சமாரியரின் உவமையை இதைவிட எளிமையாக அண்மைக்காலத் திரையில் நான் கண்டதில்லை. காயம் பட்டவனைத் தூக்கியதற்காக அந்தச் சமாரியர் பின்னர் என்னென்ன துன்பம் அடைந்தார் என்பதை இயேசு சொல்லவில்லை, வெற்றிமாறன் சொல்லிவிட்டார். அதுவரை நகைச்சுவை நடிகராகவே நாம் அறிந்திருந்த சூரி, அந்தக் கீழ்ப்படிதலுள்ள பிடிவாதத்தைத் தோளிலும் முதுகிலும் நடித்துக் காட்டுகிறார்.

இனி என் மனத்தை உறுத்திய பகுதி. படத்தின் இறுதியில் மலையூர்ப் பெண்கள் காவல் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டு, ஆடை களையப்பட்டு, சித்திரவதைக்கு உள்ளாகின்றனர். அவர்களுள் குமரேசன் அன்பு செய்யும் தமிழரசியும் ஒருத்தி. தேடப்படும் தலைவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் பெண்கள் விடுவிக்கப்படுவர் என்றெண்ணிக் குமரேசன் ஓடுகிறான். காமிரா அவனுடைய ஓட்டத்தையும் பெண்களின் வேதனையையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. இந்த மாற்றி மாற்றிக் காட்டுதலே என் குறை. அவன் எப்போது போய்ச் சேருவான் என்னும் தவிப்பை அளக்கும் கடிகாரமாக அப்பெண்களின் உடல்கள் ஆகிவிடுகின்றன. அவர்கள் என்ன நினைக்கின்றனர், ஒருத்தி மற்றொருத்தியின் கையை எங்ஙனம் பற்றிக்கொள்கிறாள், அதற்கு மறுநாள் எப்படி விடிகிறது என்பவற்றிற்கெல்லாம் இடமில்லை. 2024 டிசம்பர் 20 அன்று வந்த இரண்டாம் பாகம் முழுவதும் பெருமாள் வாத்தியாரின் வரலாறும் நெடிய அரசியல் உரைகளுமாக நிறைந்திருக்கிறது. முகாமில் அழுத பெண்கள் கதையின் ஓரத்துக்குச் சென்றுவிட்டனர். முதற்பாகத்தில் நம் குருதியைக் கொதிக்க வைக்கத் தேவைப்பட்டவர்கள், இரண்டாம் பாகத்தில் தேவைப்படவில்லை.

இதை நான் இளையோர் கூட்டத்தில் சொன்னபோது, அரசுப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரியும் ஓர் அம்மையார் எழுந்து கேட்டார்: "காட்டாவிட்டால் யார் நம்புவார்கள், சாமி? வாச்சாத்தியில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதானே முதலில் சொன்னார்கள்?" எளிதில் ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதமன்று அது. மறுப்பவர் கண்முன்னே காயத்தைக் காட்டுவது ஒரு நீதிச் செயல். தோமாவும் தழும்பைக் கண்டபின்னர்தான் நம்பினார். எனினும் தோமாவுக்குத் தம் விலாவைக் காட்டியவர் உயிர்த்த ஆண்டவரே. வேறொருவர் அவருடைய மேலாடையை இழுத்துக் காட்டவில்லை. வாச்சாத்திப் பெண்கள் நீதிமன்றத்தில் தம் வாயாலேயே தமக்கு நேர்ந்ததைக் கூறினர். அச்சொல்லை நம்பித்தான் 215 பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஒரு படமும் காட்டப்படாமல், ஒரு காட்சியும் நடிக்கப்படாமல், பழங்குடிப் பெண்ணின் வாய்ச்சொல் ஆட்சியின் மறுப்பை முறியடித்தது. அந்தச் சொல்லின் வலிமையைத் திரை ஏன் நம்ப மறுக்கிறது?

திருப்பாடுகளின் வரலாற்றை நற்செய்தியாளர்கள் எழுதிய முறையை இங்கு நினைத்துப் பார்ப்பது பொருந்தும். சாட்டையடியை மாற்கு ஒரு வாக்கியத்தின் நடுவே ஒரு சொல்லாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். சிலுவையில் அறைந்த நிகழ்வும் அவ்வாறே. ஆணியைப் பற்றியோ குருதியைப் பற்றியோ அங்கு ஒரு வருணனையும் இல்லை. மாற்கின் முதல் வாசகர்களுக்குச் சிலுவைச் சாவு என்னவென்று தெரியும் என்பது ஒரு காரணம். அதற்கு மேலும் ஒன்று உண்டு என நான் நம்புகிறேன். தம் ஆண்டவரின் வேதனையைக் காட்சிப் பொருளாக்க அவர்களுக்கு மனமில்லை. அதே வேளையில், பேதுரு மறுதலித்ததையும், அன்றிரவு தீக்காய்ந்ததையும், சேவல் கூவியதையும் அவர்கள் விரிவாகவே எழுதினர். அடித்தவனுடைய கையின் வேகத்தைவிட, ஓடிப்போனவனுடைய கண்ணீர் அவர்களுக்கு முதன்மையாகப்பட்டது.

சிலுவைப் பாதையின் பத்தாம் நிலையில் இயேசுவின் ஆடைகள் களையப்படுகின்றன. உரோமையர் குற்றவாளிகளை நிர்வாணமாகவே அறைந்தனர் என்பது வரலாறு. ஆயினும் நம் ஆலயச் சுவர்களில் உள்ள பத்தாம் நிலைப் படத்தில் ஓர் இடைத்துணியை ஓவியன் விட்டுவைத்திருக்கிறான். அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. அது வணங்குவோரின் வெட்கம். ஆறாம் நிலையில் வெரோணிக்கா அவர் முகத்தைத் துடைக்கிறாள். துணியில் முகம் பதிகிறது என்பது மரபு. விவிலியத்தில் இல்லாத அந்தப் பெண்ணை மக்கள் பக்தி ஏன் இவ்வளவு காலம் காத்துவருகிறது? துன்புறுவோரின் உண்மையான உருவம், அவர்களுக்கு உதவச் சென்ற கையில்தான் பதியும் என்பதை நம் முன்னோர் எவ்வாறோ அறிந்திருந்தனர். ஆடைக்காகச் சீட்டுப் போட்ட வீரரும் அதே உடலைத்தான் பார்த்தனர்.

இந்த அளவுகோலைப் பிறர்மேல் மட்டும் வைப்பது நேர்மையாகாது. 2004இல் மெல் கிப்சனின் 'கிறித்துவின் பாடுகள்' படம் வந்தபோது பல பங்குகளில் பேருந்து அமர்த்தி மக்களைத் திரையரங்குகளுக்கு அழைத்துச் சென்றனர். அதில் சாட்டையடிக் காட்சி நிமிடக் கணக்கில் நீள்கிறது. தசை பிய்ந்து தெறிக்கிறது. அழுதுகொண்டே வெளிவந்தவர்கள் உண்டு. அந்தக் கண்ணீரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதற்கு முன் ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டப்பட்டு வந்த படத்தையும் நம் முதியோர் மறக்கவில்லை. 1978இல் பீம்சிங் இயக்கத்தில் தெலுங்கில் எடுக்கப்பட்டு, தமிழில் 'கருணாமூர்த்தி'யாக வந்த படம் அது. விஜயசந்தரின் முகத்தையே இயேசுவின் முகமாக எண்ணி வளர்ந்த தலைமுறை இன்றும் நம் நடுவே இருக்கிறது. கலைத்திறனில் குறைகள் பல உடைய படம்தான். ஆயினும் நோயாளிகளைத் தொட்டவராகவே அதில் இயேசு நம் மனத்தில் நிற்கிறார். பசோலினி என்னும் இத்தாலிய இயக்குநர், கடவுள் நம்பிக்கை தமக்கில்லை என்று சொல்லிக்கொண்டே, 1964இல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கினார். தொழில்முறை நடிகர்களைத் தவிர்த்து எளிய மக்களின் முகங்களையே நிரப்பிய அப்படத்தை வத்திக்கான் 1995இல் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலில் சேர்த்தது. அதில் குருதி மிகக் குறைவு. சிலுவையடியில் நிற்கும் தாயின் முகத்தைப் பார்த்தவர் அதை மறக்க மாட்டார். அந்தத் தாயாக நடித்தவர் இயக்குநருடைய சொந்தத் தாய்.

நம் பாஸ்கா நாடகங்களையும் இவ்விடத்தில் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆண்டுதோறும் அவற்றில் சாட்டையடிக் காட்சி நீண்டுகொண்டே போகிறது. சாயம் குழைத்த குருதி, ஒலிபெருக்கியில் சாட்டையின் ஓசை, வீரர் வேடத்திற்கு இளைஞரிடையே போட்டி! இயேசு வேடத்திற்கு ஆள் தேடி வருந்தும் பங்கிலும், அடிக்கும் வீரர் வேடத்திற்குப் பத்துப் பேர் நிற்பர். முன்வரிசையில் அமர்ந்துள்ள சிறுவர்கள் மறுநாள் வயல்வரப்பில் அடிக்கும் காட்சியைத்தான் விளையாடுகின்றனர். சிலுவை சுமந்த சீமோனை யாரும் விளையாடுவதில்லை. செருமானிய இறையியலார் யோகான் பாப்டிஸ்ட் மெட்ஸ், பதினாறு வயதில் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர். ஒரு செய்தியைக் கொண்டுசேர்த்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது, தம் படைப்பிரிவினர் அனைவரும் பிணமாகக் கிடக்கக் கண்டார். கிறித்துவின் பாடுகளின் நினைவு ஆபத்தான நினைவு என்று பிற்காலத்தில் அவர் கற்பித்தார். யாருக்கு ஆபத்து? துன்பப்படுத்துவோருக்கு. பார்த்து அழுதுவிட்டு வீடு திரும்பித் தூங்கும் நினைவு ஒருவருக்கும் ஆபத்தானதன்று.

வன்முறையை அடுத்தடுத்துக் காட்டும் படங்களிலும் சில இடங்களில் ஒளி தெரிகிறது. 2021இல் அமேசான் தளத்தில் வந்த 'ஜெய் பீம்' 1993இல் நடந்த ஓர் உண்மை வழக்கைத் தழுவியது. த.செ. ஞானவேல் இயக்கிய அப்படத்திலும் காவல் நிலையச் சித்திரவதை மிக நீளம். கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். ஆனால் வேறொரு காட்சி இருக்கிறது. கணவனைத் தேடும் நிறைமாதப் பெண் செங்கேணியைக் காவலர் நிலையத்திற்குக் கொண்டுவந்து மிரட்டுகின்றனர். மேலிடத்து அழைப்பு வந்தவுடன், வீட்டில் கொண்டுபோய் விடுவதாகக் கெஞ்சுகின்றனர். அவள் ஊர்தியில் ஏற மறுத்து நடக்கிறாள். காவல் ஊர்தி அவள் பின்னே ஊர்ந்து வருகிறது. ஊரே பார்த்து நிற்கிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. சித்திரவதைக் காட்சிகள் அனைத்தும் சேர்ந்து சொல்லாததை அந்த நடை சொல்லிவிடுகிறது. லிஜோமோல் ஜோஸ் என்னும் அந்நடிகை அதில் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

2024இல் வந்த மாரி செல்வராசின் 'வாழை'யை மேலும் உயர்வாக வைப்பேன். வாழைத்தார் சுமக்கும் ஏழைகள் சுமையுந்து கவிழ்ந்து மாண்ட துயரம் அது. பிணங்களைக் காட்டி நம்மை அதிர வைத்திருக்கலாம். இயக்குநரோ பசியால் வாடி வீட்டுக்கு ஓடிவரும் ஒரு சிறுவனின் பின்னே செல்கிறார். வீடெல்லாம் சாவு. அவனுக்கோ வயிறு. அடுப்படியில் சோற்றைக் கையில் எடுக்கிறான். அழுதுகொண்டிருப்பவர்கள் அவனைச் சாடுகின்றனர். பசித்த பிள்ளைக்குச் சோறு போடவில்லையே என்று தாய் பின்னர்க் கதறுகிறாள். அந்தச் சோற்றுப் பருக்கையைக் கண்டபின் மறுநாள் பலிபீடத்தில் அப்பத்தைக் கையில் ஏந்தியபோது என் கை நடுங்கியது என்றால் மிகையாகாது.

பெற்றோருக்கு ஒரு குறிப்பு. 'விடுதலை' முதற்பாகம் வயது வந்தோருக்கு மட்டும் எனச் சான்றிதழ் பெற்றது. திரையரங்கு வாயிலில் சிறுவரைத் தடுத்து நிறுத்த ஒருவர் இருந்தார். சில வாரங்களில் அது கூடுதல் காட்சிகளுடன் இணையவழித் தளத்தில் வந்தபோது, வாயிலில் நின்றவரின் பணி தாயிடமும் தந்தையிடமும் வந்து சேர்ந்தது. பாட்டியின் மடியில் அமர்ந்தபடி ஐந்து வயதுக் குழந்தை அதைப் பார்ப்பதை நான் கண்டதுண்டு. அனுமதிப்பதோ மறுப்பதோ உங்கள் உரிமை. அனுமதித்தால், முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அந்தப் பெண்களைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுங்கள்.

வாச்சாத்தியைப் பற்றிப் பெரும் படம் எடுக்க என்றேனும் ஓர் இயக்குநர் இவ்வூர்ப்பக்கம் வரக்கூடும். வருபவர் 1992 சூன் 20ஐ மீண்டும் ஒருமுறை நடித்துக் காட்ட வேண்டியதில்லை என்பது என் வேண்டுகோள். 19 ஆண்டுகள் இருக்கின்றனவே! கைக்குழந்தையோடு சாட்சி சொல்லத் தொடங்கியவள், பேரப்பிள்ளையோடு தீர்ப்புக் கேட்கும் வயதை எட்டும் காலம் அது. விடியலில் சமைத்து வைத்துவிட்டுப் பேருந்துக்கு நடப்பதும், ஒத்திவைப்புக் கேட்டுத் திரும்புவதும், கூலி போன நாளைக் கணக்கிடுவதும், முறைத்துப் பார்க்கும் காக்கிச் சட்டைகளுக்கு நடுவே நீதிமன்றத் தாழ்வாரத்தில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பதும் ஒரு படத்திற்குப் போதாவா? 2011 செப்டம்பர் 29 காலையில் கதை தொடங்கட்டும். நீதிபதி பெயர் பெயராக வாசிக்கட்டும். குற்றவாளிகள் எவருடைய முகத்தையும் நாம் காண வேண்டாம். 269 பெயர்களை வாசித்து முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமும் காமிரா அப்பெண்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.